மூவாயிரத்து முந்நூற்று ஆறாம் துறை

அச்சாவோவில் இரவு பதினொன்று.
தகரக் கூரையில் மழை.
படகு அலுவலகத்தில் விறகடுப்பை ஒட்டி
நானும் ஒரு கறுப்புத் திரையும்.

நேற்றுவரை சர்வர் இருந்த அலமாரிக்குள்
கூரை ஒழுகியது.
தகவலை மட்டும் காப்பாற்றி
மீன்பெட்டிகள் அடுக்கும் பின்னறையில்
வேறொரு கணினியில் குடிவைத்தோம்.
எல்லாம் பத்திரம்:
பெயர்கள், அடையாள எண்கள், இருக்கைகள்,
யார் ஆடு கொண்டுவருகிறார் என்பது வரை.
பக்கம்தான் திறக்கவில்லை.

முதலில் மௌனம்.
கேட்டேன். முப்பது விநாடி.
மறுபடி கேட்டேன். முப்பது விநாடி.
திட்டுகிறவரோடு சண்டையாவது போடலாம்.
போனைக் காதில் வைத்துக்கொண்டு
மூச்சுவிடாமல் இருப்பவரை என்ன செய்ய?

டான் செக்குந்தீனோ பத்து நிமிடத்துக்கொரு தரம் அழைக்கிறார்.
"காலை ஏழு மணிப் படகு, ஓரியானா.
அப்பியாவோ தீவில் ஜனங்கள்
வெள்ளைப் பக்கத்தைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்கள்."
நானும் அதையேதான் பார்க்கிறேன், டான்.

ஃபயர்வாலில் ஒரு வரி சேர்த்தேன்:
துறை 3306, திற.
கண் இமைப்பதற்குள் பதில்:
இணைப்பு மறுக்கப்பட்டது.

சிரித்துவிட்டேன்.
அடுப்பில் ஒரு கட்டை தள்ளி
மாத்தேவுக்கு வெந்நீர் வைத்தேன்.
அந்தப் பக்கம் ஒரு வீடு இருக்கிறது;
ஜன்னலிலிருந்து யாரோ "போ" என்கிறார்கள்.

அமைப்புக் கோப்பைத் திறந்தால்
127.0.0.1.
தன் குரலை மட்டும் கேட்டுக்கொண்டிருக்கிறது சர்வர்.
ஒரே பெட்டிக்குள் ஸ்கிரிப்டும் அதுவும்
முதுகோடு முதுகு உட்கார்ந்திருந்த காலத்தில் சரி.
இப்போது நடுவே ஈரமான ஒரு நடை,
சுவரோரம் ஒரு நீலக் கேபிள்,
பன்னிரண்டு மீட்டர்.

அந்த வரிக்கு மேலே ஒரு குறிப்பு:
இதைத் தொடாதீர்கள். பஸ்தியான்.
பஸ்தியான் இரண்டு வருடத்துக்கு முன்
சால்மன் கம்பெனிக்காக புவெர்த்தோ மோந்த் போய்விட்டான்.
தொட்டேன்.

அனுமதி இல்லை.
பயனர்: லான்ச்சா. கடவுச்சொல் பயன்பட்டதா: இல்லை.

இல்லையா?
இதோ ஏழாவது வரியில் நானே தட்டியிருக்கிறேனே.
ஏழாவது வரியில் 'கிளாவே',
நாற்பதாவது வரியில் 'கிளாவெஸ்'.
வாலில் ஒரே ஒரு எழுத்து;
இருக்கிற சொல்லை விட்டுவிட்டு
இல்லாத ஒன்றை எடுத்துக்கொண்டு போய்
வாசலில் நின்றிருக்கிறது ஸ்கிரிப்ட்,
வெறுங்கையோடு.

அப்படியானால் ஆறு வருடம் எப்படி ஓடியது?
பழைய பெட்டியில் அந்தப் பயனருக்குக்
கடவுச்சொல்லே கிடையாது.
யாரும் கேட்கவில்லை, அதனால் யாரும் சொல்லவில்லை.
கொஞ்ச நேரம் எழுந்து நடந்தேன்.

எழுத்தை அழித்தேன்.
பக்கம் வந்தது.

ஏழு மணி, அப்பியாவோ–அச்சாவோ.
நாற்பத்தொரு பேர், இரண்டு ஆடு, ஒரு தையல் மிஷின்.
எர்மீந்தா சிகுவாய், முன் இருக்கை,
குறிப்பு: டயாலிசிஸ், காஸ்த்ரோ பஸ்ஸைப் பிடிக்க வேண்டும்.

அழைக்க எடுத்த போனில்
டான் செக்குந்தீனோ முந்திக்கொண்டார்.
அவர் பின்னால் கடற்படை ரேடியோ இரைந்தது.
"வடக்குக் காற்று. சிறு படகுகளுக்குத் துறை மூடியாச்சு.
உன் வேலை என்ன ஆச்சு?"

திறந்துவிட்டது என்றேன்.

பிறகு அந்த வரிசையில் கர்சரை வைத்து
'உண்டு' என்பதை 'இல்லை' ஆக்கினேன்.
ஐந்தே எழுத்து, ஒரு தட்டல்.
பக்கத்தின் அடியில் பார்த்தவர் எண்ணிக்கை
மூன்று ஆனது, ஒன்பது ஆனது,
பதினேழில் கொஞ்சம் நின்று
இருபத்தாறு ஆனது.
மழையில் நான்கு மணிக்கு எழ வேண்டியவர்கள்
விளக்கை அணைக்கிறார்கள் என்று வைத்துக்கொண்டேன்.

எர்மீந்தாவிடம் இன்டர்நெட் இருக்காது.
பதிவில் ஒரு தரைவழி எண் மட்டும்.
கடற்படைப் படகு அனுப்புவார்களா என்று கேட்பதற்கு முன்
அவளிடம் சொல்ல வேண்டும்.

மணி அடிக்கிறது.
முப்பது விநாடி.
மறுபடி அழைக்கிறேன்.