ஏழாயிரம் லிட்டர்

தேங்காப்பட்டணம் துறைமுக டீசல் பங்கில்
கணக்கெழுதுகிறேன்.
நற்கருணை வாங்கப் போகும்போதும்
கையில் அந்த வாடை இருக்கும்.

பிப்ரவரி ஒன்பது.
விசைப்படகு 'புனித யாகப்பர்', வள்ளவிளை.
ஓட்டுநர் ததேயுஸ்.
ஏழாயிரம் லிட்டர்.
பாதி ரொக்கம், பாதி சூரை விற்ற பின்.
கையெழுத்துக்கு முன்பே தாளில் விழுந்த
அவனுடைய பெருவிரல் எண்ணெய்க் கறை.

அக்காள் புருஷன்தான்.
அதற்காக விலை ஒன்றும் குறைத்துப் போடவில்லை.

பதினெட்டாம் நாள் வயர்லெஸ்ஸில்
"சுத்தி நிக்கானுவ" என்றது ஒரு குரல்.
பிறகு இரைச்சல்.

மீனுக்கு எல்லை தெரியுமா என்று
டிவியில் ஒருவர் உருகினார்.
மீனுக்குத் தெரியாது. ததேயுஸுக்குத் தெரியும்,
இருபது வருஷமாகத் தெரியும்.
அன்றைக்கு என்ஜின் சூடாகி நின்றுவிட்டது.
நீவாடு நாலு மணி நேரம் இழுத்தது.
அவ்வளவுதான்.

அந்த வாரமே பேப்பரில் படம்.
இரண்டு மந்திரிகள், இரண்டு குட்டிக் கொடிகள்,
நடுவில் முகத்தை மறைக்கும் பூச்சாடி.
அந்தத் தீவு நாட்டுக்கு அடுத்த வருஷமும்
டீசல் நாம்தான் தருகிறோம்.
ரோந்துப் படகும் ஒன்று, அன்பளிப்பாக.
டன்னை லிட்டராக்கிப் பார்த்தேன், பழக்க தோஷம்.
பூஜ்யங்கள் கட்டத்தைத் தாண்டிப் போயின.
அவனைத் துரத்தியதும் இந்த வாடைதானா
என்று நினைத்து, அன்று
சோப்பை இரண்டு தடவை போட்டேன்.

அக்காள் பெபியோலாவோடு நாகர்கோவிலுக்கு
மனு கொண்டுபோனேன்.
"உறவு நல்லா இருக்கிற நேரம்மா,
கெடுத்துரக் கூடாது. பொறுங்க."
போன வருஷம் சின்னத்துறைக்காரர்கள் பிடிபட்டபோது
இதே நாற்காலி சொன்னது:
"உறவு சரியில்லாத நேரம்மா. பொறுங்க."
அக்காள் திரும்பும் பஸ்ஸில்
கம்மல் இல்லாத காதைத்
தடவிக்கொண்டே வந்தாள்.

நாற்பத்தேழு நாள்.
நல்லெண்ண அடிப்படையில் விட்டார்கள்.
ஆட்கள் விமானத்தில், படகு அங்கேயே.

இரவு கஞ்சியும் கருவாடும் வைத்தபோது
ததேயுஸ் சொன்னான்:
"அந்தத் தீவுல எல்லாம் ஜெனரேட்டருதான் பிள்ளே.
எங்க படகுக்க டாங்கிலேர்ந்து உறிஞ்சி
அதுல ஊத்தினானுவ.
எங்க எண்ணெயில எங்க தலைக்கு மேல
ஃபேன் சுத்திச்சு.
காவலுக்கு ஒரு சின்னப் பய.
எனக்க போனுக்கும் அவனுக்க போனுக்கும்
ஒரே சார்ஜர்.
அம்மைக்குக் கூப்பிட்டுப் பேசுவான்,
நான் கேக்காத மாதிரி படுத்துக் கிடப்பேன்."

"எவ்வளவு மிச்சம் இருந்தது?"
என்னை அறியாமல் கேட்டுவிட்டேன்.

"நாலாயிரத்துச் சொச்சம்.
முப்பத்தொம்பதாம் நாள் தீந்துபோச்சு.
பொறவு எட்டு நாளு இருட்டு.
அந்தப் பயலும் எங்களுக்க கூட இருட்டிலதான் இருந்தான்."

மீதிப் பாதியை வராக்கடன் என்று
எழுதச் சொன்னார் முதலாளி.
எழுதினேன். விரல் கறையை மட்டும்
பேனா தொடவில்லை.

ஆகஸ்டில் தடை முடிந்த முதல் காலை.
வேறு முதலாளி, வேறு படகு, அதே ததேயுஸ்.
குழாயைச் சொருகினேன்.
மீட்டரில் எண்கள் ஓட ஓட
கடலைப் பார்த்தபடி நின்றான்.
ஏழாயிரத்தில் கையை எடுக்கப் போனேன்.

"ஒரு பேரல் கூடப் போடு பிள்ளே."

"எதுக்கு?"

அவன் பதில் சொல்லவில்லை.
எந்தக் கணக்கில் எழுத என்று
நானும் கேட்கவில்லை.