திரும்பி வரச் சுணங்கும் கால்

விடியப்புறம் நாலரைக்குக் கட்டிலை விட்டு இறங்கினால்
நிலத்தில் யாரோ ஆணி அடித்து வைத்திருக்கிறார்கள்.
குசினி வரை நடக்க அது மழுங்கும்.
எண்ணியிருக்கிறேன்,
பதினேழு அடி.

மத்திய வீதிப் புடவைக்கடையில்
பதினொரு வருசம் நின்றவள் நான்.
வாங்க வருகிறவருக்கு ஸ்டூல்,
சேலைக்குக் கண்ணாடி அலுமாரி,
முதலாளிக்குச் சுழல் கதிரை.
எங்கள் பக்கம் நிலம் மட்டும்.
குதி நோகுது என்றால்
காரணம் தேடத் தேவையில்லை என்றுதான் நினைத்தோம்
நானும் பரீனாவும்.

செய்யாததா?
செங்கல்லைச் சுட்டு, எருக்கிலை போட்டு மிதித்தேன்.
மூவாயிரத்தைந்நூறுக்கு மெத்தென்ற செருப்பு.
அன்றைக்கு இவர் இரண்டு நேரம் என்னோடு கதைக்கவில்லை.
கன்னியாவுக்குப் போய் ஏழு கிணற்றிலும்
வாளி வாளியாய் அள்ளிக் காலில் ஊற்றினேன்.
எல்லோரும் ஐயோ சுடுது என்று துள்ள
எனக்குச் சூடு போதவில்லை.
அதை அப்போதே யாரிடமாவது சொல்லியிருக்கலாம்.

சொல்லாதவை இன்னும் கிடந்தன.
கச்சான் காற்று முகத்தைத் தீய்க்கும் நாளிலும்
ஃபானை நிப்பாட்டு என்று பரீனாவோடு சண்டை.
புருவத்தின் வால் உதிர்ந்தது, பென்சிலால் கீறினேன்.
கலியாண மோதிரம் இறுகியது.
பில்லில் எட்டையும் ஏழையும் கூட்ட
ஆள் பார்த்துக்கொண்டு நின்றார்.
இதையெல்லாம் காலோடு சேர்த்து முடிய
யாருக்குத் தோன்றும்?
கழுத்து எங்கே, குதி எங்கே.
நடுவில் முழு உடம்பும் கிடக்கிறது.

பெரியாஸ்பத்திரிக் கிளினிக். இலக்கம் அறுபத்திரண்டு.
"யூஜினி மரியதாஸ்."
டொக்டர் சின்னப் பெடியன், மாத்தறைப் பக்கம்.
அவருடைய தமிழும் என்னைப்போல
பார்த்துப் பார்த்து ஊன்றித்தான் நடந்தது.
"கதிரையில முழங்கால் போடுங்க, அம்மா."
பதினொரு வருசத்தில்
வேலைநாளொன்றில் எனக்குக் கிடைத்த முதல் கதிரை,
அதிலும் இருக்க விடவில்லை.

குதிக்கு மேலே நரம்பில்
சின்னச் சுத்தியல் ஒன்று.
பாதம் டக்கென்று போனது.
வரவில்லை.
பிறகு வந்தது,
மூதூர் லோஞ்ச் எஞ்சினை நிப்பாட்டிவிட்டு
ஜெட்டிக்கு ஊர்ந்து வருவதுபோல.
திரும்பவும் தட்டினார்.
திரும்பவும் போனது, திரும்பவும் சுணங்கியது.
அதன்பிறகு என் காலை விட்டுவிட்டுக்
கழுத்தைத் தடவினார்.
"துப்பலை விழுங்குங்க."

"இதாலதானா நோ?"
"இருக்கலாம். இல்லாமலும் இருக்கலாம்.
நிக்கிறதும் ஒரு காரணம்.
இரத்தம் பார்ப்பம்."

அந்த 'இருக்கலாம்' எனக்குப் பிடித்தது.
என் ஆட்கள் ஒருவரும் அப்படிச் சொன்னதில்லை.
அவர்களுக்கு எல்லாம் நிச்சயம்.
நிறை கூட. வயசு. நடிப்பு.

இரத்தம் 'ஓம்' என்றது.

இப்போது வெறும் வயிற்றில் ஒரு குளிசை,
சீலைக்கரை முத்தளவு.
அதற்குப் பிறகு பிளேன்ரீக்கு
ஒரு மணித்தியாலம் காவல்.
பசியோடு பாலையூற்றில் பஸ் ஏறி,
மணிக்கூட்டுக் கோபுரத்தடியில் இறங்கினால்
கோட்டைப் பக்கத்து மான் ஒன்று
வாழைப்பழத் தோலைத் தின்றுகொண்டு நிற்கிறது.
நாலு கால் அதற்கு. ஒன்றும் நோவதாய்த் தெரியவில்லை.

மூன்றாம் மாதம்.
புருவம் வரவில்லை.
நேற்று "ஃபான் போடவா?" என்று பரீனா
வழமைபோலச் சண்டைக்கு ஆயத்தமாய்க் கேட்டாள்.
போடு என்றேன்.
என்னை ஒரு மாதிரிப் பார்த்தாள்.
இன்று விடிய எண்ணினேன்,
ஒன்பது அடி.

மிச்ச ஒன்பதுக்குக் குளிசை இல்லை.
கடையின் பின்னறையில் பழைய ஸ்டூல் ஒன்று,
ஒரு கால் ஆட்டம்.
அடியில் வெட்டுத்துணி மடித்து வைத்து,
கொண்டுவந்து போட்டு,
இருந்தேன்.

முதலாளி பார்த்தார்.
எட்டும் ஏழும் பதினைந்து என்றேன்,
கெதியாக.