நீர்மட்டம்

காலை ஆறு மணிக்கு அணையின் அளவுகோலைப் பார்த்து
நோட்டில் எழுதுவது என் வேலை.
நிரம்பினால் ஐம்பத்திரண்டு அடி.
வீட்டிலும் ஒரு நீர்மட்டம் உண்டு,
அதை யாரும் எழுதச் சொல்லவில்லை.

மிதுலா தவழத் தொடங்கிய வாரம்
டீப்பாயின் கீழ்த்தட்டிலிருந்து பீங்கான் முயல் வெளியேறியது.
எழுந்து நின்ற வாரம்
டி.வி. ஸ்டாண்டிலிருந்த கண்ணாடி மீனும்
நாகவேணி ஓசூரில் வாங்கிய ஊதாப் பூச்சாடியும்
கல்யாணத்துக்கு யாரோ கொடுத்த கிரிஸ்டல் அன்னங்கள் இரண்டும்
ஷோகேஸுக்கு ஏறின.
முக்காலியை இழுத்துப்போட்டு ஏற
அவள் கற்றுக்கொண்ட அன்று
ஷோகேஸும் காலி.
இப்போது அழகானதெல்லாம் பரணில்,
பழைய செய்தித்தாளில் சுருண்டு கிடக்கிறது,
கரையோரத்து ஜனங்களை
பள்ளிக்கூடத்தில் தங்க வைத்ததுபோல.

கீழே நான்கடி வரை வெறும் சுவர்.
வெறும் சுவர் என்றும் சொல்லக் கூடாது.
பச்சை கிரேயானில் ஒரு கோடு
கூடத்தில் கிளம்பி
சமையலறை வாசலில் திரும்பி
ஃப்ரிட்ஜின் மேலும் கொஞ்சம் போகிறது.
ரயிலாம்.
கிருஷ்ணகிரிக்கு ரயில் கிடையாதென்று
அவளுக்கு யார் சொல்வது?

ஞாயிறு சாயங்காலம் மாங்கனிக் கண்காட்சி.
நாகவேணியின் தம்பி பிள்ளைக்கு
வியாழக்கிழமை காவேரிப்பட்டணத்தில் பெயர் சூட்டு,
தள்ளித் தள்ளிப் போய் ஐந்தாம் மாதத்தில்.
"கவர்ல பணம் வேண்டாங்க. வீட்ல நிக்கிற மாதிரி
ஏதாவது வாங்கலாம். ஐநூறுக்குள்ள."

செந்தூரா, பீத்தர், மல்கோவாத் தட்டுகளைத் தாண்டி
கடை வரிசை.
இருட்டில் மின்னும் நட்சத்திர ஸ்டிக்கர்,
பிய்த்து வாயில் போடும்.
நிலா விளக்கு, உள்ளே பட்டன் பேட்டரி.
ஃபோட்டோ ஃப்ரேமின் நாலு மூலையும் கூர்.
ஆந்தைக் கடிகாரம் நன்றாகத்தான் இருந்தது,
ஆனால் கண் இரண்டும் உருளுகிற உருளலில்
எனக்கே தூக்கம் வராது.

நாங்கள் ஒவ்வொன்றாக வேண்டாம் என்ற நேரமெல்லாம்
மிதுலா எதன்மேலோ உட்கார்ந்திருந்தாள்.
துணி யானை.
வயிறு முழுக்க மணல்,
காதில் மட்டும் மஞ்சள் பூ.
"கதவுக்கு முட்டுக் குடுக்கறதுங்க சார்,
காத்துக்கு அடிக்காது, குழந்தை விரல் நசுங்காது.
ஒண்ணுதான் நிக்குது. முன்னூத்தி இருபது."

தரையில் வைப்பதற்கென்றே செய்த அழகு!
பரண் கேட்காத பொருள் ஒன்றை
மூன்று வருடம் கழித்துக் கையில் தூக்கிப் பார்த்தேன்.
நல்ல கனம்.

வீட்டில் பரிசுத் தாளைச் சுற்றும்வரை
அவள் ஒன்றும் பேசவில்லை.
டேப் ஒட்டியதும் கேட்டாள்,
"பப்புக்கு மூச்சு முட்டாதா?"

பெயர் வைத்தாயிற்று,
பெயர் சூட்டுக்கு நான்கு நாள் முன்பே.

புதன்கிழமை ராத்திரி, மழைத் தூறலில்,
ஒரு வார்த்தை பேசாமல் நாகவேணி பரணில் ஏறினாள்.
அன்னங்களைச் சோப்புத் தண்ணீரில் கழுவித் துடைத்து
அதே தாளில் சுற்றினாள்.
தாளில் இன்னும் தும்பிக்கையின் மடிப்பு இருந்தது.

காவேரிப்பட்டணத்தில் அதைப் பிரித்த சுகந்தி
"அண்ணி, என்ன அழகு இது!" என்று
நேராகக் கொண்டுபோய் டி.வி. ஸ்டாண்டில் வைத்தாள்.
ஜன்னல் வெயில் அன்னத்துக்குள் புகுந்து
கூடமெங்கும் ஏழு நிறத்தில் சிதறியது.
அதில் ஒரு துண்டு
பாயில் மல்லாந்திருந்த பிள்ளையின் வயிற்றில் விழுந்தது.
அவன் அதைக் கவனிக்கவில்லை.
தன் கால் கட்டைவிரலைப் பிடிக்கப் பார்த்து
தோற்று, திரும்பவும் பார்த்து,
பெரிய வேலையில் இருந்தான்.

மிதுலா என் சட்டையை இழுத்தாள்.
"அப்பா, அது கீழ இருக்கு."
"உஷ்."

ஸ்டாண்டின் உயரம் ஒன்றேமுக்கால் அடி.
பழக்கதோஷம், கண் அளந்துவிட்டது.
யாரும் எழுதச் சொல்லவில்லை.
பாயசம் வந்தது,
வாங்கிக்கொண்டேன்.