எந்த நாம

கல்யாணம் கழிந்த மறுவாரமே
இடவகைச் சீட்டு மாறியது. ரேஷன் கார்டு மாறியது.
மீன்குழம்பின் புளி மாறியது,
இங்கே குடம்புளி, அதுவும் எண்ணி இரண்டு சுளை.
பெயருக்குப் பின்னாலிருந்து அப்பா இறங்கி
கிளீட்டஸ் ஏறிக்கொண்டார்.
எதற்கும் நான் மல்லுக்கட்டவில்லை.

பந்து களியை மட்டும் தரமாட்டேன் என்றேன்.

இரவிபுத்தன்துறைக்காரி நான்.
வெள்ளிமீன் கிளப்பின் நீலச் சட்டை
எங்கள் வீட்டுக் கொடியில் காயாத நாள் கிடையாது.
அண்ணன் வியானி லெஃப்ட் பேக், நான்காம் நம்பர்.
ஒரு ஆடியில் கடல் ஏறி
மைதானத்தின் மூலையைக் கொண்டுபோனது.
கார்னர் அடிக்க இடமில்லாமல்
கல்லுக்கட்டின்மேல் நின்று அடித்த டீம் அது.

வள்ளவிளையில் எல்லாரும் கொம்பன் கிளப்.
சிவப்பு. நெஞ்சில் கொம்பன் சுறாவின் தலை.
சுத்தியல் மாதிரி இருக்கு,
தச்சுப்பட்டறை போர்டா என்பேன்.
மாமியார் சிரிக்கமாட்டாள்.
கொழுந்தன் றெஜின், அவர்களுடைய ஸ்டாப்பர்,
இரண்டு நாள் என்னோடு பேசமாட்டான்.

பதினொரு வருஷம்
ஈஸ்டர் டூர்ணமெண்ட் முடிந்ததும்
இந்த அடுக்களையில் நின்றே சொல்லியிருக்கிறேன்:
"நாங்க ஜெயிச்சாச்சு."
"நாங்க தோத்தது றெஃப்ரியாலே."
நாங்க என்றால் நான் உள்ளே,
கேட்கிறவர் வெளியே.
கிளீட்டஸ் வெளியே இருந்து
பொரித்த சாளையின் முள்ளை எடுத்தபடி
தலையாட்டுவார்.

இந்த வருஷம் ஃபைனலில் இரண்டும் மோதின.
அவர் கடலுக்குப் போய் இருபத்தாறு நாள்.
மகன் அஜோ ஒரு கன்னத்தில் சிவப்பு பூசிக்கொண்டான்,
மறு கன்னத்தில் நீலம் பூச
என்னிடம் ஒரு குச்சி ஐஸ் வாங்கினான்.

ஒன்றுக்கு ஒன்று. இன்னும் மூன்று நிமிஷம்.
எங்கள் பத்தாம் நம்பர் ஜெஃபின்,
ஞானஸ்நானத்துக்கு நான் தூக்கிப்போன பிள்ளை,
பாக்ஸுக்குள் விழுந்தான்.
றெஜின் இரண்டு கையையும் பின்னால் கட்டி நின்றான்.
விழுந்தவனுக்கும் அவனுக்கும் நடுவே
ஒரு ஆள் பாய் விரித்துப் படுக்கலாம்,
அவ்வளவு மணல்.

பெனால்டி.

நீலப் பக்கம் வெடி போட்டார்கள். செண்டை அதிர்ந்தது.
வியானி, இப்போது கோச், தொப்பை போட்டவன்,
முதலில் தரையைப் பார்த்தான்,
அப்புறம் கைதட்டினான்.

"கள்ளப் பெனால்டி! லேய் ஜெஃபினே,
எழும்புலே, வெக்கமில்லியா ஒனக்கு!"
எவள் இப்படிக் கத்துகிறாள் என்று திரும்பினேன்.
பக்கத்தில் நின்ற டெல்பின்
என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள்.
தொண்டை எரிந்தது எனக்குத்தான்.

கோல். அதோடு முடிந்தது.
றெஜின் பூட்ஸைக் கழற்றிக் கையில் பிடித்து
வெறுங்காலோடு வீட்டுக்கு நடந்தான்.
அவனுக்குச் சோறு போட்டேன். இரண்டு பேரும் பேசவில்லை.

நாலாம் ராத்திரி கொச்சியில் படகு கட்டி
கிளீட்டஸ் அழைத்தார்.
சூரைக்கு விலையில்லை என்றார்.
முதுகு வலி, முன்னைக்குக் கொள்ளாம் என்றார்.
"களி என்னாச்சு?"
"நாம தோத்துப்போனோம்."

அந்தப் பக்கம் ஐஸ் பொடிக்கிற மெஷின் இரைந்தது.
யாரோ கூடை எண்ணினார்கள்,
எழுபத்திரண்டு, எழுபத்திமூணு.
"எந்த நாம?" என்றார்.

அஜோவுக்குச் சளி என்றேன்.
கரண்டு பில்லைக் கட்டியாச்சு என்றேன்.

சிவப்பு எனக்கு இன்னும் பிடிக்கவில்லை.
அந்தச் சுறா இன்னும் சுத்தியல்தான்.
ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வருகையில்
அண்ணனின் ஃபோன், மூன்று தடவை அடித்தது.
நாலாவதில் எடுத்தேன்.
"நாங்க ஜெயிச்சதுக்கு பிரியாணி வச்சோம்,
நீ ஏன் வரல்ல?"

"றெஜின் தொடவே இல்ல அண்ணா" என்றேன்.

"அது போட்டு" என்றான்.
"பிள்ளைக்குச் சளி எப்படி இருக்கு?"