பார்க்கர்

துணி உலர்த்திக்கொண்டே, வேலிக்கு அந்தப்புறமிருந்து,
மிசஸ் படையாச்சி என்னைச் சொன்னாள்:
நோஸி பார்க்கர்.

சாட்ஸ்வொர்த்தில், ஏழாம் யூனிட்டில்,
இரண்டு வீட்டுக்கும் ஒரே சுவர்.
அங்கே மிளகாய் வறுத்தால் இங்கே எனக்குத் தும்மல்.
மூக்கை நான் எங்கே கொண்டுபோய் வைப்பது?

கேட்டது ஒரே ஒரு கேள்வி.
செவ்வாய் ராத்திரி பத்தரைக்கு
உங்கள் வாசலில் நின்ற வெள்ளை பக்கி வண்டி யாருடையது?
சரி, இரண்டு கேள்வி.
அது ஏன் விளக்கை அணைத்துவிட்டு வந்தது?

பிரகாசனின் பள்ளிக்கூட அகராதியைப் புரட்டினேன்.
மூக்கு புரிகிறது. நம்ம மூக்குதான்,
கூப்பிடாத இடத்தில் நுழைகிற அதே மூக்கு.
பார்க்கர் யார் என்பதுதான்
அகராதிக்கே தெரியவில்லை.
எனக்குச் சந்தேகமே இல்லை.
பார்க்கிறவர், பார்க்கர்.
எங்கள் ஆட்களோடு கப்பலேறி வந்திருக்கும்,
கரும்புத் தோட்டத்தில் எவனோ ஒரு துரை
பொறுக்கி வைத்துக்கொண்டான்.

முகத்துக்கு நேரே சொன்னால் கேலிம்மா,
முதுகுக்குப் பின்னால் சொன்னால் வசவு,
என்றான் பிரகாசன்.
அவள் பக்கவாட்டில் அல்லவா சொன்னாள்.
அதற்கு என்ன பொருள்?

வியாழக்கிழமை திரையை இழுத்து மூடினேன்.
அவர்கள் கேட் கிரீச்சிட்டது. எழவில்லை.
மீன்காரன் ஹார்ன் அடித்தான். எழவில்லை.
ஆம்புலன்ஸ் ஒன்று எதிர்மேட்டில் ஏறியது.
எழுந்தேன், பாதியில் உட்கார்ந்தேன்.
ஆம்புலன்சைக் கணக்கில் சேர்க்கக் கூடாது.

ஞாயிறு, மின்வெட்டு நேரம்,
கதவில் தட்டல். டார்ச்சோடு மிசஸ் படையாச்சி.
"நாலு நாளா திரை மூடியே கிடக்கு.
வெள்ளிக்கிழமை உங்க குப்பைப் பை வெளியே வரல.
குழாய்ச் சத்தம்கூட
காலையில ஒரு தடவைதான் கேட்குது."
டார்ச் வெளிச்சம் என் தோளைத் தாண்டி
சாப்பாட்டு மேசைக்குப் போனது,
அங்கிருந்து மருந்துச் சீட்டுக்கு,
சீட்டில் எழுதியிருந்ததைக் கொஞ்சம் படித்தது.

அந்த வார்த்தை என் நாக்கு நுனியில்
செருப்பைக் கழற்றிவிட்டு நின்றது.
"உள்ள வாங்க," என்றேன்.

மெழுகுவத்தி. கேஸ் அடுப்பில் டீ.
முதல் கோப்பை ஆறுவதற்குள்
வெள்ளை வண்டியின் நம்பர் பிளேட்டிலிருந்து
கதை தொடங்கிவிட்டது.
கொஞ்சம் காற்று வரட்டும் என்று
திரையை விலக்கினேன்.

எதிர்வீட்டு ஜன்னலில் யாரோ
சட்டென்று டார்ச்சை அணைத்தார்கள்.