உள்ளூர்க் கருத்து

றிபாய்தீன் கொமியூனிக்கேஷனில்
ஃபாக்ஸ் என் தாளைப் பாதி விழுங்கி நின்றபோது
டிவியில் ஒரு வெள்ளைக் கோடு
மூன்றாகப் பிரிந்தது.

வால்வெள்ளி என்றான் ரீசார்ஜ் காட் வாங்க வந்த பொடியன்.
சத்தத்தைக் கூட்டினார் றிபாய்தீன்.
ஏழு பேர். தரையிறங்கப் பதினாறு நிமிஷம் இருக்க.

ஒப்பந்தத்துக்கு இன்னும் ஒரு வயசாகவில்லை,
சோதனைச் சாவடியில் சிரிக்கப் பழகியிருந்தார்கள்.
நான் நிருபராகிப் பதினெட்டு நாள்.

கொழும்பிலிருந்து குணாளன்:
"உன்ட செய்தி நாளைக்கு இல்ல.
முன்பக்கம் முழுக்க வானம்.
உள்ளூர்க் கருத்து ரெண்டு மூண்டு எடு, பத்து மணிக்குள்ள."

ஆரையம்பதி இருட்டுக்குள் சைக்கிளை மிதித்தேன்.
விஞ்ஞான ஆசிரியர் வெப்ப ஓடுகளை விளக்கினார்,
கரும்பலகை இல்லாத கை அந்தரத்தில் வரைந்தது.
இறால் வலையோடு தோணி தள்ளியவர் கேட்டார்:
"ஏழு பேரா? எவடத்த?"
அமெரிக்காவில.
"நான் பயந்திட்டன்" என்று
வாவிக்குள் இறங்கிவிட்டார்.

மூன்றாவது, தெய்வானைப்பிள்ளை வீடு.
போகக் கூடாதென்று தெரியும்.
பகல் முழுக்க அவவோடு இருந்துதான்
அந்த ஃபாக்ஸை எழுதியிருந்தேன்:
பதின்மூன்று வருஷம், ஒரு மகன்,
படம் வீட்டோடு எரிந்தது.

படலை சாத்தியிருக்கவில்லை.

சொன்னேன். சுளகைக் கீழே வைத்தா.
"ஏழு பேருக்கும் பேர் தெரியுமாமா மகள்?"
தெரியும்.
"படம் காட்டினவங்களா?"
செம்மஞ்சள் உடுப்போட, சிரிச்சபடி.
"வீட்டாக்கள்?"
ஓடுபாதைக்குப் பக்கத்தில பாத்துக்கொண்டு நிண்டவை.
இறங்குற நேரம் கடந்தும் மணிக்கூடு ஓடினதாம்.
"எவ்வளவு நேரம் நிண்டவை?"
கொஞ்ச நேரம். மறுகா ஆக்கள் வந்து கூட்டிப்போனவங்கள்.

"ஆரு வந்தது?"

தெரியாது என்றேன். அதிகாரிகளாயிருக்கும்.

"வந்து சொன்னவங்களா," என்றா,
என்னிடம் இல்லை, சுளகிடமும் இல்லை.
"வந்து, கையப் பிடிச்சுக் கூட்டிப்போய்,
ஒரு இடத்தில இருத்திவச்சு..."

பேனையில் மை இருந்தது.
தேத்தண்ணி வேணுமா என்று கேட்டா. குடித்தேன்.
சீனி கூட.

பத்துக்கு ஐந்து நிமிஷம் இருக்க
ஆசிரியரின் ஓடுகள் கொழும்புக்குப் போயின.
தோணிக்காரர் ஆழ்ந்த கவலை அடைந்தார்.
மூன்றாவது கருத்தை நான் அனுப்பவில்லை.

முதல் தாளை இயந்திரத்திலிருந்து இழுத்தெடுத்தேன்.
மகனின் பெயர் போயிருந்தது,
வயது போகவில்லை.

அரைத்தாளுக்குக் காசு வேண்டாம் என்றார் றிபாய்தீன்,
ஷட்டரை இறக்கிக்கொண்டே.