ஒட்டும் வேலை

ரியோஹாவுக்கு நான் போனதில்லை.
ஆனால் எப்ரோ நதி எந்த மேட்டைக் கண்டு
வளைந்து விலகுகிறது என்று தெரியும்.
பிறை தொழிற்பேட்டை, மூன்றாம் கிடங்கு.
பதினாறு டிகிரிக் குளிர்.
கம்பளிச் சட்டை கம்பெனி தரும்,
சட்டைக்குள் வரும் சளி நம்முடையது.

போத்தலின் முதுகைத் திருப்பினால் ஊர்.
திங்கட்கிழமை ஆரோ: ரயிலடிக்குப் பக்கத்தில்
கறுப்பு மையால் வரைந்த கல் கட்டடம்.
செவ்வாயன்று மலையைக் குடைந்த குகை,
உள்ளே படுத்திருக்கும் பீப்பாய்கள்.
புதனன்று லோரி சீக்கிரம் வந்துவிட
நான்கு ஊர்களை ஒரே மதியத்தில் பார்த்தேன்.
காசு கொடுத்துப் போகிறவர்களும்
அப்படித்தான் பார்ப்பார்களாம்.

அந்த ஊர்களின் மேல் காகிதம் ஒட்டுவது என் வேலை.
இரண்டு விரல் அகலம். மலாயில் ஒரே வரி:
மது அருந்துவது கேடு, உடல்நலத்துக்கு.
நான் ஒட்டினால் பெரும்பாலும் வானத்தில் விழும்.
சில நாள் மாதாகோயில் கோபுரத்தில்.
தில்பகதூர் ஒட்டினால் நேரே நதிக்குள்.

ஹஸ்லினா கண்ணாடிக்கு அந்தப் பக்கம் கணக்கு எழுதுவாள்.
போத்தலைத் தொடமாட்டாள்.
சாப்பாட்டு நேரத்தில் மட்டும் கேட்பாள்:
"இன்றைக்கு எங்கே போனீங்க, காக்?"

நவம்பரில் அவர் வந்தார்.
குகை ஊர்க்காரர். பெயர் இனியாக்கி.
புளித்ததை இனியதாக ஆக்குகிறவருக்கு
தமிழில் யாரோ வைத்த பெயர் போல.
தன் சரக்கு எங்கே தூங்குகிறது என்று பார்க்க ஆசையாம்.
கூ முதலாளி சுற்றிக் காட்டினார்:
இது தராசு, இது சுங்க முத்திரை, இது லோரி மேடை.
பெருமையாகக் காட்ட வேறெதுவும் இல்லாததால்
தீயணைப்பானையும் காட்டினார்.
அவர் அதையும் தலையசைத்துப் பார்த்தார்.

பெயர் அட்டையில் நான் முழுசாக அடங்கமாட்டேன்.
"மங்கையர்க்" என்று வாசித்து, சரியா என்றார்.
சரி என்றேன்.

பொட்டலம் கட்டும் மேசையில் ஒன்றைத் திறந்தார்.
காகிதக் கோப்பைகள்தான் இருந்தன.
எனக்கும் ஒன்று நீட்டினார். முகர்ந்தேன்.
மழை நின்ற மண், பேரீச்சம்பழம்,
பெட்டியைத் திறந்ததும் புதுச் செருப்பு.
குடிக்கவில்லை.
ஐந்தாம் படிவத் தேர்வில்
தேறல் என்றால் தெளிந்த கள் என்று எழுதித் தேறினேன்.
அந்த வருஷம்
அப்பா தேறவில்லை.

அப்பா குடித்தது சம்சு.
உள்ளங்கைக்குள் அடங்கும் போத்தல், மூன்று வெள்ளி.
அதன் வயிற்றிலும் இதே வரி.
பேசிக்கொண்டே கட்டைவிரல் நகத்தால்
ஓரத்தைச் சுரண்டுவார்.
மலாயில் உடல்நலம் கடைசிச் சொல்,
அதனால் அதுதான் முதலில் உரியும்.
'கேடு' வரை வருவதற்குள் தூங்கிவிடுவார்.

இனியாக்கி ஆலங்கட்டி மழையைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தார்.
ஏழே நிமிஷமாம். பாதித் தோட்டம்.
கொடியில் தொங்கியதெல்லாம் தரையில் கூழாய்.
சொல்லிக்கொண்டே போத்தலைத் திருப்பினார்.
நதி இருக்க வேண்டிய இடத்தில் வெள்ளைக் காகிதம்.
(தில்பகதூர் கூரையைப் பார்த்தான்.)
இது என்ன என்றார்.
சட்டம், சட்டம் என்று கூ சிரித்தார்.

அவருடைய கட்டைவிரல் போனது.
நகத்தின் விளிம்பில் கழுவியும் போகாத ஊதா.
வலது ஓரத்திலிருந்து
மெதுவாக,
ஆலங்கட்டியை விடாமல் பேசியபடி.

"வராது" என்றேன்.
என் குரல் கொஞ்சம் உயர்ந்திருக்க வேண்டும்,
கண்ணாடிக்கு அப்பால் ஹஸ்லினா நிமிர்ந்தாள்.
பழைய பசை சீக்கிரம் உரிகிறது என்று
போன வருஷம் எழுதிப் போட்டு
மாற்ற வைத்தவள் நான்தான்.
அதை அவரிடம் சொல்லவில்லை.

விரலை எடுத்துக்கொண்டார்.
"நல்ல பசை" என்றார், ஒரு தொழிலாளி
இன்னொரு தொழிலாளியிடம் சொல்வது போல.

ஐந்து மணிக்கு என் கோப்பையைத்
தில்பகதூர் கழுவுதொட்டியில் கவிழ்த்தான்.
கொஞ்ச நேரம் சிவப்பு.
மேடையில் இன்னும் எழுநூற்று இருபது ஊர்கள்,
முதுகு காட்டியபடி.